வியாழக்கிழமைச் சந்தையில் வாங்கிய விரிப்பு



சென்ற இதழில் பழஞ்சேலைத் துண்டுகளைக் கொண்டு கால்மிதி தைப்பது பற்றி எழுதியிருந்தேன். இம்முறை உங்களைக் கொஞ்சம் தூரமாகக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். பயப்படாதீர்கள், கடைசியில் நம்முடைய ஊசிக்கும் நூலுக்கும்தான் திரும்பி வருவோம்.

சுவிசில் இருக்கும் என் பெறாமகள் ஸ்பானிய மொழி படித்தவள். படிக்கும் காலத்தில் ஒரு வருடம் ஸ்பெயினில் உள்ள செவில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தவள். அவளைப் பார்க்கப் போயிருந்த என்னை ஐந்து நாட்களுக்கு அங்கே அழைத்துச் சென்றாள். "பெரியம்மா, நீங்கள் தையல் ரீச்சர். உங்களுக்குக் கோட்டையையும் கோயிலையும் மட்டும் காட்டினால் காணாது. கடையளையும் காட்டுறன்" என்றாள். என் மனதை அறிந்த பிள்ளை.

செவில், ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியா மாநிலத்தின் தலைநகரம். நகரின் நடுவே ஓடும் ஆற்றுக்குக் குவாதல்கிவீர் என்று பெயர். அரபு மொழியில் 'பெரிய ஆறு' என்பதுதான் மருவி அப்படி ஆகியிருக்கிறது. 712 முதல் 1248 வரை, ஐந்நூறு வருடங்களுக்கு மேலாக, இந்நகரம் முஸ்லிம் அரசர்களின் ஆட்சியில் இருந்தது. பின்னர் கிறிஸ்தவ அரசர் கைப்பற்றினார். பேராலயத்தின் மணிக்கோபுரமாக இன்று நிற்கும் ஹிரால்டா அன்று பள்ளிவாசலின் கோபுரமாக இருந்தது. 1503இல் அமெரிக்கக் கண்டத்துடனான வணிகத்தைக் கவனிக்கும் அலுவலகம் இங்கே அமைக்கப்பட்டது. கப்பல்களில் வெள்ளியும் பட்டும் வந்து குவிந்தன. ஆட்சி பல மாறினாலும் அந்த ஊர்க் கைவேலைகளில் எல்லாருடைய கையும் படிந்திருக்கிறது.

முதல் நாள் பாலத்தைக் கடந்து மறுகரையில் உள்ள திரியானாவுக்குப் போனோம். அது குயவர்கள் வாழ்ந்த பகுதி. ஆற்றங்கரைக் களிமண்ணில் பல நூற்றாண்டுகளாகச் சட்டி பானைகளும் வண்ண ஓடுகளும் செய்திருக்கிறார்கள். ஓட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'அசுலேஹோ'. அதுவும் அரபிலிருந்து வந்த சொல்தான். பழைய தொழிற்சாலை ஒன்றை 2014இல் நூதனசாலையாக்கி, சூளைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். 1929 கண்காட்சிக்காகக் கட்டிய ஸ்பெயின் சதுக்கத்தில் மாகாணத்துக்கு ஒன்றாக இருக்கும் ஓட்டு ஆசனங்களைப் பார்த்தால், இந்த வேலையின் அழகு விளங்கும்.

ஓட்டில் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் எப்படி நிற்கின்றன என்று எனக்கு ஆச்சரியம். கடையில் ஒரு பெண் செய்து காட்டினார். படத்தின் கோடுகளை எண்ணெய்ப் பசை கலந்த கறுப்பு மையால் முதலில் வரைகிறார்கள். அதற்குள் நீர் கலந்த வண்ணத்தை நிரப்புகிறார்கள். எண்ணெயும் நீரும் ஒட்டாது அல்லவா? கோட்டைத் தாண்டி வண்ணம் ஓடாது. சூளையில் வெந்தபின் கறுப்புக் கோடு மட்டும் வேலிபோல் நிற்கும். நாம் பத்திக் துணிக்கு மெழுகு பூசுவதும் ஏறக்குறைய இதே உபாயந்தான்.

செவில் நகரத்துக் காவல் புனிதர்கள் இருவர், ஹுஸ்தா, ருஃபினா என்ற சகோதரிகள். மூன்றாம் நூற்றாண்டில் திரியானாவில் மண்பாண்டம் விற்று வாழ்ந்தவர்கள் என்பது மரபுக் கதை. வேற்றுத் தெய்வ விழாவுக்குப் பாண்டம் கொடுக்க மறுத்ததால் அவர்களுடைய சட்டி பானைகளை உடைத்து, பிறகு அவர்களையும் வதைத்துக் கொன்றார்களாம். படங்களில் அவர்களுடைய காலடியில் பானைகள் இருக்கும். கைகளில் ஹிரால்டாக் கோபுரத்தைத் தாங்கியிருப்பார்கள். ஒரு நகரத்தைத் தாங்குவதற்குச் சட்டி விற்ற இரண்டு பெண்களைத் தெரிந்தெடுத்திருக்கிறார்களே என்று நினைத்தபோது மனதுக்கு இதமாக இருந்தது.

அடுத்த நாள் சால்வைக் கடைகள். நாலு மூலையும் பூ வேலைப்பாடு நிறைந்து, கரையில் நீண்ட குஞ்சம் தொங்கும் பெரிய பட்டுச் சால்வைக்கு 'மனிலாச் சால்வை' என்று பெயர். ஆனால் அது மனிலாவில் செய்யப்பட்டதல்ல. சீனாவின் கன்ரன் பகுதியில் பின்னி, பிலிப்பைன்ஸ் நாட்டு மனிலாத் துறைமுகத்தில் ஏற்றியதால் வந்த பெயர். 1565 முதல் 1815 வரை மனிலாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் மூலம் சீனத்துப் பட்டு ஸ்பெயின் மக்களுக்கு வந்து சேர்ந்தது. செய்தவர்களின் ஊர் மறைந்து, ஏற்றிய துறைமுகத்தின் பெயர் நிலைத்துவிட்டது.

காலப்போக்கில் செவில் பெண்கள் தாங்களே பின்னத் தொடங்கினார்கள். கன்தில்யானா போன்ற சுற்றுக் கிராமங்களில் சட்டத்தில் பட்டை இழுத்துக் கட்டி, வீட்டிலிருந்தபடியே பின்னினார்கள். குஞ்சத்தை முடிந்து பின்னுவது தனித் தொழில். அதற்கென்றே வேறு பெண்கள் இருந்தார்கள். ஒரு சால்வையைப் பின்னி முடிக்கப் பல மாதங்கள் ஆகும்.

கடைத்தெருவில் இரண்டு விதமான சால்வைகளும் தொங்குகின்றன. இயந்திரத்தில் பின்னியது முப்பது யூரோவுக்கும் கிடைக்கும். கையால் பின்னியதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும், ஆயிரக்கணக்கில் போகும். இரண்டையும் எப்படி இனங்காண்பது என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் சால்வையைப் புரட்டிப் போட்டார். கைவேலையில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருந்தன. ஒரு முடிச்சுக்கூட வெளியே தெரியவில்லை. இயந்திர வேலையின் பின்பக்கத்தில் நூல்கள் தாவித் தாவிக் கிடந்தன. என் மாணவிகளிடம் நான் எப்போதும் சொல்வது நினைவுக்கு வந்தது: "பிள்ளைகளே, வேலையின் நேர்மை பின்பக்கத்தில்தான் தெரியும்."

உடுப்புக் கடைகளில் வேறொரு புதினம். அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்த நீண்ட சட்டைகள், பெரிய பொட்டுப் போட்ட துணிகளில். சித்திரை மாதத் திருவிழாவுக்குச் செவில் பெண்கள் சிறுமி முதல் பாட்டி வரை இதைத்தான் உடுத்துவார்கள். இவ்விழா 1847இல் மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது. மாடு விற்க வந்தவர்களின் மனைவிமார், நாடோடிச் சமூகத்துப் பெண்கள், வேலைக்கு உடுத்தும் மலிவான பருத்திச் சட்டையோடு வந்தார்கள். அழுக்குப்பட்டாலும் அழகாயிருக்கட்டும் என்று கரையில் சுருக்கு வைத்துத் தைத்திருந்தார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்ட பணக்காரப் பெண்களும் பின்னர் அதையே உடுத்தத் தொடங்கினார்கள். 1929 கண்காட்சிக் காலத்தில் அது நகரத்தின் கௌரவ உடையாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் கையின் நீளமும் சுருக்கின் இடமும் மாறுகின்றன. பெறாமகள் சொன்னாள், பல வீடுகளில் தாயின் சட்டையைப் பிரித்து மகளுக்குத் திருத்தித் தைக்கிறார்களாம். அதைக் கேட்டதும் அந்த ஊர் எனக்கு இன்னும் கிட்ட வந்துவிட்டது.

அவள் படித்த பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடத்தையும் காட்டினாள். அரண்மனை போன்ற அந்தக் கட்டடம் 18ஆம் நூற்றாண்டில் அரசாங்கப் புகையிலைத் தொழிற்சாலையாகக் கட்டப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே சுருட்டுச் சுற்றினார்கள். 'கார்மென்' என்ற புகழ்பெற்ற இசைநாடகத்தின் நாயகி அப்படி ஒருத்திதான். ஆனால் எனக்குப் பிடித்தது நாடகமல்ல, அவ்வூர் நுண்கலை நூதனசாலையில் உள்ள ஓர் ஓவியம். கொன்சாலோ பில்பாவோ 1915இல் வரைந்தது. நிறையப் பெண்கள் வேலை செய்துகொண்டிருக்க, முன்னால் ஒருத்தி தன் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். வீட்டையும் வேலையையும் ஒரே மடியில் வைத்திருந்த பெண். நம்மில் எத்தனை பேர் அப்படி!

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

செவில் நகரின் வடக்கே ஃபேரியா வீதியில் வியாழன்தோறும் காலையில் பழஞ்சாமான் சந்தை கூடும். அதற்குப் பெயரே 'வியாழன்' என்பதுதான். 13ஆம் நூற்றாண்டிலிருந்து கூடிவருவதாகச் சொல்கிறார்கள். நிலத்தில் துணி விரித்து, அதன்மேல் சாமான்கள். பித்தளைத் திறப்புகள், உடைந்த மணிக்கூடுகள், பழைய ஓடுகள், விசிறிகள், மரப்பெட்டிகள், யாரோ ஒருவருடைய கலியாணப் படம். அரும்பொருள் என்று பெரிய கடையில் கண்ணாடிக்குள் வைப்பதும் இங்கே தரையில் கிடப்பதும் ஒரே வழியாகத்தான் வந்திருக்கின்றன. யாரோ ஒருவருடைய வீட்டிலிருந்து.

ஒரு வயதான அம்மா சிறிய ஸ்ரூலில் இருந்தார். முன்னால் நாலைந்து வெள்ளைத் துணிகள் மடித்து வைத்திருந்தார். ஒன்றை விரித்துப் பார்த்தேன். கட்டிலுக்குரிய படுக்கை விரிப்பு. தலைப்பு ஓரத்தில் நூல் உருவி, எஞ்சிய இழைகளைக் கட்டிக் கட்டி மூன்று வரிசை வேலைப்பாடு. நடுவில் பூவளையம், அதற்குள் பின்னிய இரண்டு எழுத்துக்கள். அந்த நாட்டில் முன்னர் பெண் பிள்ளைகள் கலியாணத்துக்கு முன்பே தங்கள் சீதன விரிப்புகளைத் தாங்களே தைத்து, பெயரின் முதல் எழுத்துக்களைப் பின்னி, பெட்டியில் வைப்பார்களாம்.

"பதினைந்து யூரோவாம்" என்றாள் பெறாமகள்.

"எட்டுக்குக் கேள் பிள்ளை" என்றேன். சந்தை என்றால் பேரம் பேசத்தானே வேண்டும்? அந்த அம்மா தலையாட்டினார். நாங்கள் இரண்டடி நடந்தோம். அவர் கூப்பிட்டார். பத்து யூரோவுக்கு முடிந்தது. கொடுக்கும்போது விரிப்பை மடித்து, கையால் ஒருமுறை நீவிவிட்டுத் தந்தார். அந்த எழுத்துக்கள் யாருடையவை என்று நான் கேட்கவில்லை. மலிவாக வாங்கிவிட்டேன் என்ற சந்தோசத்தில் இருந்தேன்.

திரும்பி நடக்கும்போது பெறாமகள் அந்தப் பகுதியின் கதையைச் சொன்னாள். 1936 யூலையில் ஸ்பானிய உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, செவில் நகரம் முதல் நாட்களிலேயே இராணுவக் கிளர்ச்சியாளரின் கையில் விழுந்தது. தொழிலாளர் வாழ்ந்த இந்த வீதிகளும் திரியானாவும் எதிர்த்து நின்றன. அதன்பின் அங்கே நடந்தவை கொடூரமானவை. கொண்டு போகப்பட்டவர்கள் பலர் வீடு திரும்பவில்லை. நகரத்துச் சேமக்காலையில் இருந்த பெரிய புதைகுழி ஒன்றை 2020 முதல் 2023 வரை தோண்டினார்கள். கொல்லப்பட்டதற்கான அடையாளங்களுடன் 1,700க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் கிடைத்தன. உறவினர்களின் மரபணுவோடு ஒப்பிட்டு அடையாளம் காணும் வேலை தொடங்கியது. எண்பத்து நாலு வருடங்களுக்குப் பின் தோண்டத் தொடங்கியிருக்கிறார்கள். காத்திருந்த மனைவிமாரும் தாய்மாரும் அநேகமாக இறந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள்தான் குழியருகில் வந்து நின்றார்களாம்.

சகோதரிகளே, இதைப் பற்றி நான் மேலதிகமாக எழுதத் தேவையில்லை. காத்திருப்பது என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் அந்த விரிப்பை மேசையில் விரித்தேன். மாணவிகளுக்கு நூலெடுத்த தையலைக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு பருத்தித் துண்டை எடுத்து, அதே வேலையை ஒரு சாண் நீளத்துக்குச் செய்து பார்த்தேன். மூன்று வரிசையும் முடிக்க மூன்று மணித்தியாலம் ஆனது. நான் முப்பது வருடமாகத் தைக்கிறவள். விரிப்பின் ஓரம் பத்துச் சாண். அப்படியானால் முப்பது மணித்தியாலம். பூவளையத்துக்கும் எழுத்துக்கும் குறைந்தது பதினைந்து. மொத்தம் நாற்பத்தைந்து. பத்து யூரோவை நாற்பத்தைந்தால் பிரித்துப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு இருபத்திரண்டு சதம். அந்தப் பணத்துக்கு அந்த ஊரில் ஒரு கோப்பியின் கால்வாசிகூடக் கிடைக்காது.

அப்போதுதான் அம்மாவின் குத்துவிளக்கு நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது அம்மா உடுபுடவைக்குள் சுற்றிக்கொண்டு வந்த விளக்கு. அவருடைய தாய் கொடுத்தது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, தம்பியின் பிள்ளைக்குப் பால்மா வாங்கக் காசில்லை. அம்மா விளக்கைக் கொண்டுபோய் முந்நூறு ரூபா கேட்டார். வாங்கியவர், "பழம் பித்தளைதானே அம்மா, நூறு தரலாம்" என்றார். நூற்றைம்பதுக்கு முடிந்தது. கொடுக்கும்போது அம்மா விளக்கின் தண்டைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார்.

இவ்வளவு காலமும் அந்த மனிதர்மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. எங்கள் கஷ்டத்தைப் பயன்படுத்திக்கொண்டவர் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் களவெடுக்கவில்லை, ஏமாற்றவில்லை. பேரம் பேசினார், அவ்வளவுதான். செவிலில் நானும் அதைத்தான் செய்தேன். அந்த அம்மாவின் வீட்டில் என்ன கஷ்டமோ, அல்லது ஒரு கஷ்டமுமில்லையோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதுதான் என் குற்றம். அவருக்கு மிச்சம் ஐந்து யூரோவைக் கொடுக்க இனி வழியில்லை.

ஆகவே வழியுள்ள இடத்தில் ஏதாவது செய்வோம் என்று நினைத்தேன். எங்கள் தையல் நிலையத்தில் இப்போது ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வேலையைத் தொடங்கிய நேரம், எழும்பிய நேரம் எல்லாம் அதில் எழுதுகிறோம். துணி, நூல், பஸ் காசு ஆகியவற்றுக்குமேல் கைக்கூலியைத் தனியாகக் கணக்கிட்டுத்தான் விலை போடுகிறோம். முதல் மாதம் பலர் அதிர்ந்துபோனார்கள். இலாபம் என்று நினைத்திருந்த சில சாமான்களில் கைக்கூலியே கிடைக்கவில்லை. அவற்றைச் செய்வதை விட்டுவிட்டோம்.

ஒவ்வொரு பொருளிலும் சிறிய அட்டை கட்டுகிறோம். செய்தவரின் பெயர், எத்தனை மணித்தியாலம், எப்படிக் கழுவுவது என்ற மூன்றும் அதில் இருக்கும். ஒரு பெண் தன் பெயரைப் போட விரும்பாவிட்டால் அவள் விரும்பும் பூவின் பெயரைப் போடுகிறோம். வாங்க வருகிறவர்கள் இப்போதும் பேரம் பேசுகிறார்கள். ஆனால் அட்டையை வாசித்துவிட்டுப் பேசும்போது குரல் கொஞ்சம் இறங்குகிறது.

உலகமும் இதை மெதுவாக உணர்ந்து வருகிறது. நம் நாட்டுக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. வேறிடத்துப் பட்டையை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது. முன்பு உணவுக்கும் பானத்துக்குமே அப்படிப் பாதுகாப்பு இருந்தது. 2023இல் இயற்றிய சட்டத்தின் மூலம் கைவினைப் பொருட்களுக்கும் அதை விரித்திருக்கிறார்கள். 2025 டிசெம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊரின் கைத்திறனுக்கு அந்த ஊரின் பெயரே சொந்தம் என்று சட்டம் சொல்கிறது. மனிலாச் சால்வை பின்னிய சீனத்துக் கைகளுக்கு அன்று அது கிடைக்கவில்லை. நம்முடைய பனையோலைப் பெட்டிக்கும் பாய்க்கும் ஊரின் பெயரும் செய்தவளின் பெயரும் போடும் பழக்கத்தை இப்போதே தொடங்கினால் நல்லது.

அந்த விரிப்பைக் கட்டிலில் விரிக்கவில்லை. நிலையத்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டுவேன். முன்பக்கம்போலவே சுத்தமாக இருக்கும். "இது யார் தைத்தது ரீச்சர்?" என்று கேட்பார்கள். "தெரியாது பிள்ளை, நான் கேட்காமல் வந்திட்டன்" என்று உண்மையைச் சொல்லுவேன்.

உங்கள் வீட்டிலும் யாரோ தைத்த ஒரு துணி, யாரோ பின்னிய ஒரு பெட்டி இருக்கும். தைத்தவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே கேட்டு, பெயரை ஒரு துண்டில் எழுதி அதனுள் வையுங்கள். அடுத்த இதழில், அந்த நூலெடுத்த தையலைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறேன். ஒரு முழம் வெள்ளைப் பருத்தித் துணியும் நுண்ணிய ஊசியும் எடுத்து வையுங்கள். நேரத்தைக் குறிக்க ஒரு கொப்பியும்.